மாசியில் பார்த்த சுவர்: கும்பகோணத்தில் ஓர் ஓட்டு வீடு விற்ற கதை

பின்னணி

கும்பகோணத்தின் தெற்குப் பகுதியில், அரசலாற்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு பழைய வீட்டைப் பற்றிய பதிவு இது. 2022 மாசி மாதத்திலிருந்து 2024 வைகாசி வரை அந்த வீட்டில் எனக்கு வேலை இருந்தது. நான் கட்டடப் பொறியாளர். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதும், விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் மதிப்புப் போட்டுக் கொடுப்பதும் தொழில். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், தெரு எதையும் சொல்லவில்லை. தொகைகள் மூத்தவர் வைத்திருந்த கணக்கு நோட்டிலிருந்து எடுத்தவை.

வீடு வடக்குப் பார்த்தது. தெருவோரம் 24 அடி அகலம்தான். உள்ளே நீளம் 130 அடி என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று கொல்லைக் கதவு வரை பார்வை நேராக ஓடும். செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, நாட்டு ஓடு, முற்றத்தைச் சுற்றி நான்கு தேக்குத் தூண். கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை. அறுபது எழுபது வருடம் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது.

அப்பா 1971-இல் கிரையம் வாங்கிய வீடு. அவர் 2004-இல் காலமானார். அம்மா 2021 ஐப்பசியில் போனார். மூத்த மகன் ஓய்வுபெற்றவர், மனைவியோடு அதே வீட்டில்தான் குடியிருந்தார். நடுவில் ஒரு மகள், திருச்சியில்; இனி அக்கா என்று சொல்வது இவரைத்தான். இளையவர் சிங்கப்பூரில் வேலை.

2022 தை: விற்பது என்ற முடிவு

வருடத் திதி முடிவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது. பொங்கலுக்கு மூவரும் கூடியபோது விற்பது என்று முடிவானது. காரணம் சண்டை எதுவும் இல்லை. மூத்தவருக்கு முழங்கால் வலி. வாசலிலிருந்து கொல்லை வரை போய்வருவதே ஒரு பயணம். மாடிப்படி ஏற வேண்டாத, லிஃப்ட் உள்ள சின்ன ஃபிளாட் போதும் என்றார். அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்துகொண்டிருந்தது. இளையவர், "நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்றீங்களோ அதுதான்" என்று விட்டுவிட்டார்.

தரகர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் எல்லோர் மனத்திலும் தங்கிவிட்டது. ஒன்று, "2028-ல மகாமகம் வருதுண்ணே. அதுக்குள்ள இந்தப் பக்கம் ரேட்டு எங்கயோ போயிடும்." இன்னொன்று, "பார்ட்டி வந்து நிக்கிறப்ப வீடு பளிச்சுன்னு இருக்கணும். இப்ப இருக்கிற மாதிரி காட்டுனா மனை விலைதான் பேசுவாங்க."

முதல் விஷயத்தில் ஓரளவு உண்மை உண்டு. 2016 மகாமகத்துக்கு முன்னால் ஊரில் விடுதி கட்ட இடம் தேடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போதும் நவக்கிரகக் கோயில் சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைக்க முற்றம் வைத்த வீடாகக் கேட்கிறார்கள். இரண்டாவதில்தான் வம்பு ஆரம்பித்தது. வீட்டை அலங்கரித்தால் மனை விலைக்கு மேலே ஏதாவது கிடைக்கும் என்று குடும்பம் நம்பியது. ஐந்தரை லட்சம் வரை செலவழிக்கலாம், பத்து லட்சம் கூடக் கிடைக்கும் என்பது கணக்கு.

என்னை அழைத்தது மாசி மாதம், ஒரே ஒரு நாள். சுவர் தாங்குமா, வேறு பழுது உண்டா என்று பார்க்கச் சொன்னார்கள். கூடத்துச் சுவரில் கீழே இரண்டடி உயரத்துக்குக் காரை பொரிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. "கீழே மூணடிக்குக் கொத்திட்டு சிமென்ட்ல வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசிடுங்க, போதும்" என்றேன். இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்: அந்த ஆலோசனை தவறு. இந்த ஊரில் மேட்டூர்த் தண்ணீர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மாசியில் ஆறு மணல், வாய்க்கால் காய்ந்த மண், கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது எந்தச் சுவரும் யோக்கியமாகத்தான் நிற்கும்.

அன்று மூத்தவரின் மனைவி காப்பி கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றிருந்தார். அவரை நான் எதுவும் கேட்கவில்லை.

மாசி முதல் சித்திரை வரை: அலங்காரம்

வேலையை அக்காவின் மகன் முன்னின்று செய்தான். கெட்டிக்காரப் பையன், கைப்பேசியில் நூறு வீடியோ பார்த்து ஒவ்வொரு அறைக்கும் படம் எடுத்துவைத்திருந்தான். இன்றைக்கு நடுத்தர வீடுகளில் எல்லோரும் செய்கிற அதே வேலைகள்தான்.

கூடத்திலும் முன் அறையிலும் சிவப்புத் தரையின் மேலேயே பசை போட்டு விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினார்கள்: 1,65,000 ரூபாய். ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், ஓரத்தில் ப்ரொஃபைல் லைட்: 1,10,000. டிவி வைக்கிற சுவர் முழுக்க மரம் போலத் தெரியும் பிவிசி பேனல், பக்கத்துச் சுவர்களில் நாலடி உயரத்துக்கு அதே பேனல்: 90,000. முற்றத்தின் மேல் நாலு பக்கமும் அடைத்துப் பாலிகார்பனேட் கூரை: 85,000. பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, எமல்ஷன் பெயின்ட்: 90,000. மொத்தம் 5,40,000. என் சிமென்ட் பூச்சு பெயின்ட் கணக்கிலேயே அடங்கிவிட்டது.

சித்திரையில் போய்ப் பார்த்தபோது அசந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கிற ஃபிளாட் மாதிரி இருந்தது. முற்றம் மட்டும் அனலாக இருந்தது. முன்பு அங்கே மேலே ஏறிப்போகிற காற்று நின்றுவிட்டது. அதைச் சொன்னேன். "ஏசி போட்டுக்கலாம் சார்" என்றான் பையன்.

ஓட்டு வீட்டின் கூரை மூச்சு விடுகிற கூரை. ஓட்டிடுக்கில் காற்று போகும், முற்றத்தில் வெளியேறும். ஓர் ஓடு விலகினால் தரையில் வெளிச்சப் பொட்டு விழும், மழையில் சொட்டும், உடனே தெரியும், ஆள் வைத்து மாற்றுவோம். சீலிங் போட்டதும் அந்தப் பொட்டும் சொட்டும் கண்ணுக்கு மறைந்தன. ஆடியில் ஒரு மரநாய் சீலிங்குக்கு மேலே குடிவந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ செருப்பில்லாமல் நடப்பது போலச் சத்தம் வரும் என்று மூத்தவர் சொல்வார்.

ஆடி முதல் ஐப்பசி வரை: பார்க்க வந்தவர்கள்

அந்த வருடம் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். விவசாயிக்கு நல்ல சேதி. ஆற்றங்கரை வீட்டுச் சுவருக்கு, தண்ணீரில் நிற்கும் காலம் மூன்று வாரம் நீண்டது.

ஆடியில் வீடு பார்ப்பார்கள், பேச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஆறு பேர் வந்தார்கள். வந்தவர்களில் நான்கு பேர் முதலில் கேட்ட கேள்வி தரையைப் பற்றியோ லைட்டைப் பற்றியோ இல்லை, "மொத்தம் எத்தனை சதுர அடி, பத்திரம் யார் பேர்ல இருக்கு?" ஒருவர் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "ஏன் மூடிட்டீங்க? இதுக்காகத்தானே வந்தேன்" என்று திரும்பிப் போனார். அவர் தங்கும் விடுதி நடத்த இடம் தேடியவர். வங்கிக் கடனில் வாங்க நினைத்த ஒருவரிடம் வங்கியின் மதிப்பீட்டாளர் ஓட்டுக் கட்டடத்துக்குப் பேருக்குத்தான் மதிப்புப் போட்டார். டைல்ஸ், சீலிங் எதுவும் அவர் தாளில் ஏறவே இல்லை. மனைக்கு என்ன பெறுமோ அதற்குத்தான் கடன்.

புரட்டாசியில் ஒரு வியாபாரி 88 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். கேட்ட விலை 95. மூன்று லட்சம் முன்பணம் கொடுத்து மூன்று மாதத்துக்குக் கிரைய ஒப்பந்தம் போட்டார்கள். அந்தச் சமயத்தில், சரி, அலங்காரத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

2022 கார்த்திகை: பேனலுக்குப் பின்னால்

நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். கும்பகோணத்தில் அவ்வளவு இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆறு மாதமாகத் தண்ணீர் ஓடுகிற பூமி. மழை போக வழியில்லாமல் தெருவில் நின்றது. வீட்டு வாசலுக்கு ஐந்து படி இருந்ததாக மூத்தவர் சொல்வார். இப்போது வெளியே தெரிவது ஒன்றரைப் படி. வீடு இறங்கவில்லை, ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது. தெருவின் தண்ணீர் மட்டமும் கூடத்துத் தரை மட்டமும் அந்த வாரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

கார்த்திகை தீபம் முடிந்து இரண்டு நாளில் வியாபாரி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ரேழியைத் தாண்டவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னடா இது, நனைஞ்ச சாக்கு வாடை?" என்றாராம். அன்று மாலையே எனக்கு அழைப்பு வந்தது.

டிவி சுவருக்குப் பக்கத்தில் ஒரு பேனலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். உள்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை, வெல்வெட் துணி போல. சுவரில் என் சிமென்ட் பூச்சு முடிகிற மூன்றடிக்கு மேலே வரிசையாக உப்பு பூத்திருந்தது. விரலால் தொட்டால் பஞ்சு மாதிரி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அதற்கும் மேலே எமல்ஷன் பெயின்ட் நீர்க்கொப்புளம் போல உப்பி நின்றது. ஒரு கொப்புளத்தைக் குத்தியதும் உள்ளேயிருந்து ஈர மணல் கொட்டியது. பேனலைத் தாங்கும் மரச்சட்டத்தில் கறையான் மண் பூசி ஏறி, பக்கத்து அறையின் தேக்கு நிலை வரை போயிருந்தது. நிலையைத் தட்டினால் ஒரு பக்கம் கட்டைச் சத்தம், ஒரு பக்கம் டப்பாச் சத்தம்.

நடந்தது இதுதான். பழைய செங்கல் சுவருக்குக் கீழே ஓதத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரையாக இருந்தவரை அந்த ஈரம் இரண்டடிக்குள்ளேயே காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது; காரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசிக்கொள்வார்கள். சிமென்ட்டும் பட்டியும் எமல்ஷனும் பேனலும் அந்தக் கதவை அடைத்துவிட்டன. வெளியேற வழியில்லாத ஈரம் வழி கிடைக்கிற உயரம் வரை ஏறியது. தரை டைல்ஸ் கீழிருந்து மூடியது, முற்றக் கூரை காற்றை மூடியது. ஈரம் போவதற்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

நான் சுவரருகே குந்தியிருந்தபோது மூத்தவரின் மனைவி சொன்னார்: "அத்தை கட்டில் இந்த மூலையிலதான் சார் கிடந்துச்சு. வருஷா வருஷம் கார்த்திகை வந்தா மெத்தை ஜில்லுன்னு ஆயிடும். கட்டிலை ஒரு முழம் இழுத்துப் போடுவோம். தை பொறந்தா திரும்பத் தள்ளிடுவோம்." முப்பத்தோரு வருடம் அந்தக் கூடத்தைப் பெருக்கியவர். எந்த மூலை எந்த மாதம் நனையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அதே வாரம்: பத்திரம்

வியாபாரி வெறும் ஓதத்துக்காக மட்டும் விலகவில்லை. அவருடைய வக்கீல் அதே வாரம் மூலப்பத்திரத்தைப் படித்து முடித்திருந்தார். 1971 கிரையப் பத்திரத்தில் நீளம் 95 அடி. தெற்கு எல்லை: தேவஸ்தானக் கொல்லைமனை. அதாவது கிணற்றடிக்குப் பின்னால் இருந்த 35 அடி கொல்லை, தென்னை இரண்டும் எலுமிச்சையும் நிற்கிற இடம், கோயிலுக்குச் சொந்தம். இரும்புப் பெட்டியில் தேடியபோது அப்பா காலம் வரை வருடா வருடம் மனைவாடகை கட்டிய ரசீதுகள் கட்டாக இருந்தன. அவருக்குத் தெரிந்திருந்தது, பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லி அவர்கள் மறந்துவிட்டார்கள். பட்டாவும் அப்பா பெயரிலேயே கிடந்தது.

டெல்டாவில் இது அபூர்வமில்லை. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் நூறு வருடமாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஏராளம். கட்டடம் தங்களுடையது, அடிமனை கோயிலுடையது என்ற ஏற்பாடு. அந்த நிலத்தைக் கிரையம் செய்ய முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் பத்திரம் நின்றுவிடும். இந்த வீட்டில் கட்டடம் முழுக்கச் சொந்த மனையில் இருந்தது அதிர்ஷ்டம்.

3,120 சதுர அடிக்குப் பேசிய விலை 2,280 சதுர அடிக்குச் செல்லாது. ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூத்தவர் அதற்குத் தன் வைப்புத்தொகையை உடைத்தார்.

2023 தை: இரண்டாவது முடிவு

மறுபடி மூவரும் கூடினார்கள். மூன்று வழி இருந்தது. அப்படியே மனை விலைக்குத் தள்ளிவிடுவது. பேனலையும் பெயின்ட்டையும் மட்டும் மாற்றி வைகாசிக்குள் வேறு ஆளுக்கு விற்பது. எல்லாவற்றையும் பிரித்துச் சுவரை உலர விடுவது.

இரண்டாவது வழிக்குத் தரகர் ஆதரவு. இளையவருக்கும் அதில் சபலம் இருந்தது. அக்காதான் முடித்துவைத்தார்: "வாங்கறவன் நம்ம ஊர்க்காரன்டா. நாளைக்குக் கல்யாணத்துல எதிர்ல உட்கார்ந்திருப்பான்." மூன்றாவது வழியை எடுத்தார்கள். என் கட்டணத்தை நான் வாங்கவில்லை; முதல் ஆலோசனைக்கு அது ஈடாகாது என்றாலும்.

மாசியில் பேனல், சீலிங், முற்றக் கூரை மூன்றையும் கழற்றினோம். சிமென்ட் பூச்சையும் அதற்கு மேலே உப்பேறிய காரையையும் ஐந்தடி வரை கொத்தியெடுத்து, செங்கல் தெரிய விட்டோம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் சுவர் வெறுமனே நின்றது. வெளியே வருகிற உப்பை வாரம் ஒரு முறை காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அதே உப்பு திரும்ப உள்ளே போகும். உலர்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுவது. உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. சித்திரைக் கடைசி வரை அந்தக் கட்டில் மூலை வேர்த்துக்கொண்டே இருந்தது.

ஆனியில் பூச்சு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் பெரிய பாடு. எழுபது வயதை நெருங்கும் ஒருவர் பாபநாசம் பக்கமிருந்து வந்தார். சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, மணலோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்தார்கள். ஒரு கை காரையை எடுத்துக் கரணையில் அடித்துக் கவிழ்த்துப் பார்ப்பார். விழுந்தால் "இன்னும் அரைடா". மேலே வெள்ளையடித்ததோடு சரி, பட்டி கிடையாது. சிமென்ட் கலக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கேலி இருந்தது.

தரை மட்டும் கைகூடவில்லை. டைல்ஸைப் பெயர்த்தபோது கூடத்தில் பாதிக்கு மேல் சிவப்புத் தரையும் சேர்ந்து பெயர்ந்தது. ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று அக்கா கேட்டார். இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அழகான பொருள்தான். ஆனால் கண்ணாடித் தட்டில் வார்த்தெடுக்கும் அந்தச் சிமென்ட் கல்லும் கீழே ஈரம் இருந்தால் திட்டுத் திட்டாக வெளுக்கும். இந்தக் கூடத்துக்கு வேண்டாம் என்றேன். மீதமிருந்த டைல்ஸை அப்படியே விட்டு, சுவரோரம் அரையடி அகலத்துக்கு மட்டும் எடுத்துச் சுண்ணாம்புச் சல்லி போட்டோம். கண்ணுக்கு ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. அந்த ஓரத்தில் ஈரத்துக்குப் போக ஒரு வழி இருக்கிறது.

செலவு: கொத்துவதும் பூச்சும் 1,20,000, கறையான் மருந்தும் நிலைக்கு மாற்றுக் கட்டையும் 45,000, முற்றத்து வடிகாலைத் தோண்டித் தெருச் சாக்கடையோடு புது மட்டத்தில் சேர்த்தது 40,000, ஓடு பிரித்து மேய்ந்தது 30,000. மொத்தம் 2,35,000. இரண்டு சுற்றும் சேர்த்து 7,75,000.

இடையில் மாறிய கணக்கு

தாமதத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக இடத்துக்கு அரசு வைக்கும் மதிப்பு) 2017 ஜூன் மாதத்துக்கு முன்பிருந்த அளவுக்கே திருப்பியது. அதாவது 2017-இல் குறைத்த 33 சதவீதம் திரும்ப ஏறியது. கூடவே பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானது. முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவு 2, ஆக 9. முன்பு 11.

சதவீதம் குறைந்ததால் செலவும் குறைந்துவிட்டது என்று மூத்தவர் நினைத்தார். 100 ரூபாய் மதிப்புள்ள இடத்துக்கு முன்பு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. அந்த ஏப்ரலுக்குப் பிறகு 100-க்கு 9. வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பதிகிறவருக்குச் செலவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. வாங்க வந்தவர்கள் இந்தக் கூடுதலை விலையில் கழித்துக் கேட்டார்கள். (அந்தச் சுற்றறிக்கை அப்புறம் நீதிமன்றம் வரை போனது வேறு கதை.)

இந்த இடைவெளியில் காகித வேலையை மூத்தவர் முடித்தார்: வாரிசுச் சான்று, மூவர் பெயரிலும் பட்டா, 1971 தொட்டு வில்லங்கச் சான்று. கணினியில் கிடைப்பது 1975-க்குப் பிறகுதான். முந்தைய வருடங்களுக்கு மனு போட்டு எடுத்தார்கள். கொல்லைமனைக்கு நிலுவை வாடகையைக் கட்டி, அதைக் கோயிலிடமே ஒப்படைத்து எழுத்து வாங்கினார்கள். 95-ஆவது அடியில் ஒரு சுவர் எழுப்பியபோது மூத்தவர் கொல்லைப் பக்கமே வரவில்லை. அந்த எலுமிச்சை அவர் அம்மா வைத்தது.

2024 வைகாசி: விற்பனை

2023 கார்த்திகையில் பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தேன். வேர்க்கவில்லை. ஆனால் அந்த வருடம் நீர் இருப்பு இல்லாமல் அக்டோபரிலேயே மேட்டூர் மூடப்பட்டது. பூமி அவ்வளவாக ஊறவே இல்லை. எனவே அந்தத் தேர்ச்சியை முழுத் தேர்ச்சியாக நான் எழுதவில்லை. பார்க்க வந்தவர்களிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். தரகருக்கு என் மேல் வருத்தம்.

மாசியில் ஓர் ஆசிரியத் தம்பதி வந்தார்கள். குடியிருக்கத்தான் கேட்டார்கள். முதல் நாளே கேட்ட கேள்வி, "மழைல எங்க ஈரம் வரும்?" மூத்தவரின் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மூலையைக் காட்டினார். பேனலுக்குப் பின்னால் எடுத்த படங்களையும் காட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து 71 லட்சத்துக்கு முடித்தார்கள்.

பதிவுக்கு முன் இன்னொரு முடிச்சு. இளையவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி, உள்ளூர்க்காரர் விற்கும்போது பிடிக்கிற 1 சதவீதம் இல்லை. வேறு பிரிவு, பெரிய விகிதம். குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கவே இரண்டு மாதம் ஆயிற்று. ஜூலை 1 முதல் வழிகாட்டி மதிப்பு மறுபடி திருத்தப்படும் என்ற பேச்சு வேறு. இளையவர் விடுப்பில் வந்து வைகாசியில் கையெழுத்துப் போட்டார்.

அலங்காரம் லாபமா நஷ்டமா? முதல் ஒப்பந்தம் சதுர அடிக்கு 2,820 ரூபாய் (88 லட்சம், 3,120 சதுர அடி). முடிந்த விலை சதுர அடிக்கு 3,114. பத்து சதவீதம் கூடியிருக்கிறது. சுண்ணாம்பால் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். இடையில் இருபது மாதம் போயிருக்கிறது, கொல்லை எப்போதும் முன்மனையை விட மலிவு, அதைக் கழித்தாலே சராசரி ஏறும். பேனலுக்கும் சீலிங்குக்கும் லைட்டுக்கும் போட்ட பணம் திரும்பவில்லை என்பது மட்டும் உறுதி. அவற்றைக் கழற்றவும் கூலி கொடுத்தோம்.

மறுபடி செய்தால்

முதல் பார்வையை மாசியில் வைக்க மாட்டேன். வேறு வழியில்லாமல் கோடையில் பார்க்க நேர்ந்தால், வீட்டில் அதிக வருடம் இருந்த பெண்ணிடம் கட்டில் எப்போது நகர்ந்தது, அரிசி மூட்டை எங்கே வைக்கக் கூடாது, எந்தச் சுவரில் காலண்டர் சுருளும் என்று கேட்ட பிறகுதான் சுவரைத் தொடுவேன். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பத்திரத்தின் நான்கு எல்லையை டேப் பிடித்து அளந்து பார்க்காமல் பெயின்ட் டப்பா திறக்க விட மாட்டேன். இந்த வீட்டில் அது ஒரு காலை நேர வேலை.

பையனின் திட்டத்தில் எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். மின்கம்பிகளை மாற்றியதும், இரண்டாம் கட்டில் கழிவறையைச் சீராக்கியதும் வாங்கியவர்களுக்குப் பிடித்தன. முற்றத்துக்கும் கூரை வேண்டாம் என்பதில்லை; நாலு பக்கமும் ஓரடி தூக்கி, காற்று போகிற மாதிரி போட்டால் மழையும் வராது, அனலும் நிற்காது. குரங்குத் தொல்லைக்குக் கம்பி போட்டால் போதும். ஃபால்ஸ் சீலிங்கை ஓட்டுக்குக் கீழே போடுவதில்தான் எனக்குச் சமாதானமே இல்லை.

கொத்தனாரிடம் ஒரு விஷயத்தைக் கேட்கத் தவறினேன். ஓதம் ஏறும் கீழ்ப்பகுதிக்கு அவர் மணலைக் கொஞ்சம் பருமனாகச் சலித்தார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் இப்போது வேலைக்கு வருவதில்லை.

2024 கார்த்திகை

மூத்தவரும் மனைவியும் இப்போது ஃபிளாட்டில். பிவிசி பேனல்களை அரசலாற்றங்கரையில் மாடு வைத்திருப்பவர் கேட்டு வாங்கிப்போய்க் கொட்டகைக்குத் தட்டியாகக் கட்டியிருக்கிறார். அங்கே அவை நன்றாகவே உழைக்கின்றன.

அந்த வருடம் மேட்டூர் ஜூலைக் கடைசியில் திறந்தது, நவம்பர் கடைசியில் டெல்டாவில் நல்ல மழை. வாங்கியவர்கள் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கட்டில் மூலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். காரை பொரியவில்லை, வாடை இல்லை. டீச்சர் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவைத்திருந்தார். கட்டிலை ஒரு முழம் இழுத்துப் போட்டிருந்தார்கள்.